மேல்தட்டில் காய்ந்த வெள்ளைக் கோட்டு

அன்புள்ள பிரவீனுக்கு,

ஜீவனஹள்ளிச் சந்தின் முடிசூடாத மகாராஜாவும், அத்திபெலேயில் தும்மினால் ஓசூர்வரை கரண்ட் போகும் என்று பேரெடுத்த மோல்டிங் சக்கரவர்த்தியும், காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒற்றைக் கையால் காளைமாட்டை நிறுத்தியவருமான உன் அப்பா எழுதுவது. காளைமாடு என்று நான் சொல்லிவந்தது உண்மையில் கன்றுக்குட்டி. அதுவும் தானாகத்தான் நின்றது. நீ இப்போதே சிரித்துவிடு. கீழே போகப் போக அதற்கு இடம் குறைவு. உறையை நான் ஒட்டவில்லை. நீ படித்த பிறகு உன் பெண்டாட்டியாகப் போகிறவள் படிக்கட்டும், அந்தோணி படிக்கட்டும், இந்தச் சந்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

போன சனிக்கிழமை நீ அந்தோணி அங்கிள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனாய். கோயிலுக்குக் கிளம்பும் முன் மாப்பிள்ளையின் நெற்றியில் ஞானத்தாய் சிலுவை போட வேண்டும். ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திய ஞானத்தாய் லில்லி இப்போது உயிரோடு இல்லை. அவள் இடத்தில் அவள் புருஷன் அந்தோணி நின்று போடட்டும் என்று நீயே யோசித்து, நீயே கேட்டாய். நல்ல யோசனைதான். திரும்பி வந்து சமையல்கட்டில் அம்மாவிடம் நீ சொன்னதை, கூடத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் கேட்டேன். "கையப் பின்னாடி கட்டிக்கிட்டாரும்மா. 'உன் ஞானத்தாயக் கொன்ன கைடா இது, உன் நெத்தில படக்கூடாது'ன்னு சொல்றாரு. பத்திரிகையக்கூட டேபிள் மேல வச்சுட்டுப் போன்னுட்டாரு." அப்புறம் என் பக்கம் திரும்பினாய். "நீங்க போய்ப் பேசுங்கப்பா. உங்க புளுகுல பெருசா ஒண்ணு எடுத்து விடுங்க. சமாதானம் ஆயிடுவாரு."

நான் ஞாயிற்றுக்கிழமை போனேன். புளுகு எதுவும் எடுத்துப் போகவில்லை. அங்கே சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். லில்லி செத்தது அந்தோணியால் மட்டும் அல்ல. என்னாலும்தான். பதினோரு வருஷமாக எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அவனுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தேன், கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பினேன், அவன் தலை குனிந்தபோதெல்லாம் தோளில் தட்டி "விடு அந்தோணி, கர்த்தர் சித்தம்" என்றேன். புளுகு என்பது கேட்கிறவனுக்கும் புளுகென்று தெரிந்த சமாச்சாரம். இது அந்த வகையில் சேராது. இனிமேல் வரும் வரிகளில் நான் எதையும் ஊதிப் பெரிதாக்கவில்லை. நம்பு.

என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. அத்திபெலேயில் முதலாளி நஞ்சப்பாவின் ஷெட்டில் பிளாஸ்டிக் குருணையை உருக்கி அச்சில் அடிப்பேன், அவ்வளவுதான். பல சாதிக் குருணை வரும். அதில் பாலியஸ்டர் சாதி ஒன்று உண்டு. உன் சட்டை பாலியஸ்டர், உன் தண்ணீர் பாட்டில் பாலியஸ்டர், சூடு தாங்க வேண்டிய கரண்ட் சாமான்களுக்கு நான் அடித்த சாம்பல் நிறக் குருணையும் பாலியஸ்டர். எல்லாம் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். அந்தக் குருணைக்கு ஒரு கெட்ட பழக்கம். மூட்டையைப் பிரித்துவைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் பொரி மாதிரி காய்ந்துதான் இருக்கும், உள்ளே குடித்திருக்கும். அதனால் அடிப்பதற்கு முன் நாலு மணி நேரம், நூற்றிருபது டிகிரி ஓவனில், தட்டுத் தட்டாகப் பரப்பிக் காயவைத்தே தீர வேண்டும். பாலியஸ்டர் என்பது உள்ளுக்குள் ஒருவன் கையை ஒருவன் பிடித்த நீளமான வரிசை. தண்ணீர் மட்டும் வந்தால் அந்த வரிசை கண்டுகொள்ளாது. சூடு மட்டும் வந்தாலும் தாங்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் தண்ணீர் உள்ளே நுழைந்து கைகளை ஒவ்வொன்றாக வெட்டும். மிஷினுக்குள் இருநூற்றைம்பது டிகிரியில் இது நிமிஷக் கணக்கில் நடக்கும். பாத்ரூம் சுவரில் வருஷக் கணக்கில் நடக்கும். வெட்டுப்பட்ட நுனிகள் புளித்துப்போய் அடுத்த வெட்டுக்குத் தாங்களே உதவி செய்யும் என்று நஞ்சப்பா எனக்குச் சொல்லியிருந்தார். வெளியே நிறம் மாறாது, பளபளப்பு போகாது. ஒருநாள் தொட்டால் ரஸ்க் மாதிரி உதிரும்.

இப்போது உன் புதுநன்மை, கோயிலில் நீ முதன்முதலாக நன்மை வாங்கிய நாள். உனக்கு ஒன்பது வயது, மே மாதம். லில்லிதான் உனக்கு வெள்ளைக் கோட்டும் பேண்ட்டும் தைத்தாள். "பாலியஸ்டர்லதான் தைப்பேன், அப்பத்தான் மடிப்பு நிக்கும், போப்பாண்டவர் பக்கத்துல நிக்கிற மாதிரி இருப்பான்" என்று அவளே கமர்ஷியல் தெருவில் துணி எடுத்தாள். ஞாயிறு காலை பூசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அதைப் போட்டுக்கொண்டு சந்தில் எல்லாருக்கும் காட்டக் கிளம்பினாய். ஆலங்கட்டி மழை. நீ கல்லைப் பொறுக்கப் போய் சாக்கடையில் குப்புற விழுந்தாய். அம்மா அன்றைக்கு உன்னைத் துவைத்தாளா கோட்டைத் துவைத்தாளா என்று சொல்வது கஷ்டம். சனிக்கிழமை காலையிலும் வானம் விடவில்லை. கோட்டு பிழிந்த கோட்டாகவே தொங்கியது. உள்பக்கத்து அஸ்தர்த் துணியும் தோள் பஞ்சும் ஊறிப்போயிருந்தன. நீ தொண்டை கிழிய அழுதாய். நான் மார்பைத் தட்டி, "ஆசியாவிலேயே பெரிய ஓவன் உன் அப்பன் கையிலதான் இருக்குது, கொண்டா!" என்றேன். ஆசியாவில் பெரியது அல்ல. நம் பீரோ அளவு இருக்கும்.

ஷெட்டுக்குப் போனபோது ஓவனில் ஏழு தட்டிலும் குருணை. ஒரு ஜீசர் கம்பெனிக்கு டெர்மினல் பிளாக் அடிக்கவேண்டிய சரக்கு. ஜீசருக்கு அடியில், மூடிக்குள், கரண்ட் வயரைத் திருகி மாட்டுகிற சின்னக் கட்டை அது. மழையால் இரண்டு நாளாகப் பிரித்துக் கிடந்த மூட்டை. காலையில் முதலில் வந்தவன் அப்போதுதான் பரப்பியிருந்தான். நான் மேல்தட்டை உருவி வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் உன் கோட்டை விரித்தேன். நூற்றிருபதில் கோட்டு சுருங்கி உன் பொம்மைக்குக்கூடப் பத்தாமல் போகும். அதனால் சூட்டை அறுபதுக்குத் திருப்பினேன். கீழே ஆறு தட்டுக் குருணையும் உன் கோட்டோடு சேர்ந்து அறுபதிலேயே உட்கார்ந்திருந்தது. ஈரம் கிளம்ப அது போதாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது. நஞ்சப்பா வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனு குரு இது! ஓவன தோபி காட் மாட்பிட்டியல்லா!" என்று கன்னடத்தில் கத்தி, நான் ஓவனையே சலவைத்துறை ஆக்கிவிட்டதாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்று அவருக்கு நம்பிக்கை.

பகல் இரண்டு மணிக்குக் கோட்டு பிரமாதமாகக் காய்ந்திருந்தது. சரக்குக்கு லாரி நாலு மணிக்கு வரும். மறுபடியும் நூற்றிருபது வைத்து நாலு மணி நேரம் காத்திருந்தால் லாரி போய்விடும். திங்கட்கிழமைதான் அனுப்ப முடியும், நஞ்சப்பா திட்டுவார், நான் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வேலைக்கு வரவேண்டியிருக்கும். ஓவனில் நூல் கட்டித் தொங்கும் நோட்டில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், சூடு, கையெழுத்து என்று நாலு கட்டம். நேரத்தை உண்மையாக எழுதினேன். சூடு என்ற கட்டத்தில் நூற்றிருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடித்தபோது மிஷினின் நாசில் மூக்கில் கூழ் சொட்டியது, சில பீஸில் வெள்ளிக் கீற்று ஓடியது. ஈரம் இருக்கிறது என்று மிஷினே என்னிடம் சொன்ன பாஷை அது. கீற்று விழுந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பெட்டியில் அடைத்தேன். ஜீசர் கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க வந்தவன் இரண்டு பீஸில் ஸ்க்ரூவை முறுக்கிப் பார்த்தான். உடையவில்லை. உடையாது. அன்றைக்கு உடையாது. மறுநாள் நீ கோயிலில் வெளிச்சம் மாதிரி நின்றாய். லில்லி என் காதில், "மச்சான், மடிப்பப் பாத்தீங்களா, கத்தி மாதிரி!" என்றாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஜீசர் கம்பெனிக்காரன் எங்கள் ஷெட் ஆட்களுக்கு மட்டும் சல்லிசாக ஜீசர் கொடுத்தான். நான் நாலு வாங்கினேன். ஒன்று நமக்கு, இரண்டு பக்கத்து வீடுகளுக்கு, ஒன்று கோட்டுத் தைத்த உன் ஞானத்தாய்க்கு என் பரிசு. ஆட்டோவில் மேலே ஏறி நின்று அரசர் பவனி மாதிரி கொண்டுவந்தேன். "இந்தா லில்லி, இனிமே சுடுதண்ணிக்கு அடுப்புப் பக்கமே போகாத. உள்ள இருக்கிற சாமான் நானே என் கையால அடிச்சது. பேரன் பேத்தி குளிக்கிறவரைக்கும் வரும்!" அந்தோணி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. தானே ஸ்டூல் போட்டு வயர் இழுத்தான், மூன்று பின் பிளக் மாட்டினான், எர்த் வயர் மட்டும் இழுக்கவில்லை. அந்தப் பழைய வீட்டில் எர்த்தே கிடையாது. கீழே நின்று ஸ்டூலைப் பிடித்தவன் நான். "எர்த் இல்லாட்டி இன்னாபா ஆவும்?" என்று கேட்டான். "ஒண்ணும் ஆவாது, நம்ம ஐட்டம்" என்றேன். இதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, எட்டரை மணி. நீ காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். அந்தோணி கத்திய கத்தலில் சந்தே ஓடியது. நான்தான் முதலில் போனேன். மெயினை அணைத்தேன். கதவை உடைத்தோம். லில்லி குழாயைப் பிடித்த கையோடு கிடந்தாள். நீயும் பின்னால் வந்தாய், நான் உன்னைப் பிடித்து வெளியே தள்ளினேன், ஞாபகம் இருக்கும். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் மட்டும் பாத்ரூமுக்குத் திரும்பி வந்தேன். ஜீசரின் அடி மூடியில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினேன். என் கட்டை அங்கே கட்டையாக இல்லை. நுனியில் சாம்பல் தூள், நடுவில் இரண்டு துண்டு. ஸ்க்ரூவுக்குப் பிடி இல்லாமல் கரண்ட் வயர் நழுவி இரும்பு உடம்பில் சாய்ந்திருந்தது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அச்சில் மாதம் காட்டும் குட்டி வட்டம் ஒன்று உண்டு, அதில் அம்பு. அம்பு மே மாதத்தைக் காட்டியது. துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டேன், தூளை வாயால் ஊதினேன், வயரை அப்படியே தொங்கவிட்டேன். அப்புறம் வந்த எலக்ட்ரீஷியன் தொங்கும் வயரைப் பார்த்தான், பிளக்கைப் பிரித்தான். "எர்த்தே இல்லியே சார், யாரு கனெக்ஷன் குடுத்தது?" என்றான். எல்லாரும் அந்தோணியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் லில்லியின் தம்பி அந்தோணியின் சட்டையைப் பிடித்து, "கஞ்சப்பயலே, ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் குடுக்க மனசு வராம என் அக்காவக் குடுத்துட்டியேடா!" என்று உலுக்கினான். விலக்கிவிட்டது யார்? நான். ஊரே என்னைப் பெரிய மனுஷன் என்றது. அதோடு அந்தோணி முடிந்தான். பாத்ரூம் லைனைத் துண்டித்தான். இன்றுவரை பச்சைத்தண்ணீர்தான். வீட்டில் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனால்கூடத் தன் கையால் மாற்றமாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பான். நீ எத்தனை தடவை போய் மாட்டிக் கொடுத்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும், "பாவம்ப்பா அங்கிள்" என்று வந்து சொல்வாய். "ஆமாண்டா, பாவம்" என்பேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரமே நான் ஒரு நாடகம் போட்டேன். "உலகப் புகழ் பெற்ற இலவச ஜீசர் சர்வீஸ்" என்று கத்திக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டு வீடுகளுக்கும் போனேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கட்டை குறுக்கே பிளந்திருந்தது. இன்னொன்றில் விரலால் அழுத்தினேன், காது மடல் மாதிரி ஒரு பக்கம் உடைந்து வந்தது. இரண்டிலும் மே மாத அம்பு. இரண்டையும் கழற்றிவிட்டு வேறு கட்டை மாட்டினேன். கடைசியாக நம் வீட்டு ஜீசரைத் திறந்தேன். அதே ஏழு வருஷம், அதே பெங்களூர்த் தண்ணீர், அதே ஆவி. கட்டை முழுசாக இருந்தது, சுத்தியலால் தட்டினால்தான் உடையும். அம்பு ஜூன் மாதம். ஒழுங்காகக் காயவைத்து அடித்த சரக்கு. அதற்கும் ஒருநாள் சாவு உண்டு, ஆனால் அதன் வயதில். உனக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது நான் பார்த்து வைத்ததால் அல்ல. ஆட்டோவில் இருந்து கைக்கு வந்த பெட்டியை இறக்கினேன், அவ்வளவுதான். அன்றைக்கு நம் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன். நீ கதவைத் தட்டி, "எவ்ளோ நேரம்ப்பா?" என்றாய். "யானை குளிக்குதுடா, நேரம் ஆகும்!" என்றேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் போலீஸுக்குப் பயந்தேன். முதல் மாதம் நஞ்சப்பாவின் ஷெட்டை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். அதற்கப்புறம் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை, வெட்கம் மட்டும் இருந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் என் தப்பு ஒன்று. மறுநாளிலிருந்து இரண்டு. இப்போது எண்ண முடியாது. நீ புதுசாகக் குடும்பம் நடத்தப் போகிறவன். தப்பு செய்யாதே என்று சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது, நீயும் செய்வாய். செய்த அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. சாப்பாட்டுக்கு முன்னால் சொல். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தால் அந்தத் தப்பு பார்க்க முழுசாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் வருஷக்கணக்கில் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று வைத்தவனுக்கே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறு தட்டுக் குருணை என்பது நாலே நாலு கட்டை இல்லை. பெட்டி பெட்டியாகப் போனது. எந்த ஊரில், எந்தப் பாத்ரூமில், யார் தலைக்கு மேல் என்று எனக்குத் தெரியாது. இந்த வாரம் நஞ்சப்பாவிடம் போய் முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குரு, அந்தக் கம்பெனி மூடி எவ்வளவோ வருஷம் ஆச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று தமிழில் சொன்னார். தமிழ் அவர் வாயில் வந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம். அப்புறம் அவரே கார் எடுத்தார். பழைய ஜீசர் ரிப்பேர் கடைகளாகத் தேடிப் போய் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டு வருகிறோம். அந்த மாடல் வந்தால் கட்டையை மாற்று, இல்லாவிட்டால் தூக்கிப் போடு என்று. சில பேர் எழுதிக்கொள்கிறார்கள். சில பேர் டீ சாப்பிடுகிறீர்களா என்கிறார்கள். கோயில் போர்டிலும் என் பேர் போட்டு எழுதி ஒட்டப் போகிறேன். இதெல்லாம் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்காதே. ஒக்கலிபுரத்தில் நீ பார்த்திருக்கும் வாடகை வீட்டில் மட்டும் நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டேன். எர்த் இருக்கிறது, ஜீசர் புதுசு. ஓனர் அம்மா என்னைத் திருடன் மாதிரி பார்த்தார்கள்.

அம்மாவிடம் சனிக்கிழமையே, நீ வெளியே போனதும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "கல்யாண வீட்ல இன்னா வெளையாட்டு இது? அசிங்கமா இல்ல?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கோட்டத் தொவச்சது நான்தானே. வெயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கலாமே. நான்தானே 'எப்டியாவது காயவச்சுக் கொண்டாங்க'ன்னு குடுத்தேன்" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்காதே என்றேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன். நீ ஆலங்கட்டி பொறுக்கின பிள்ளை. அவள் துணி துவைத்த தாய். லில்லி ஆசையாகத் தைத்தவள். சூட்டைத் திருப்பிய கை ஒன்று, நோட்டில் எழுதிய கை ஒன்று, துண்டைப் பையில் போட்ட கை ஒன்று. மூன்றும் என்னுடையது. நீங்கள் யாரும் பங்குக்கு வராதீர்கள்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அந்தோணி வீட்டுக்குப் போனேன். "இன்னாபா, பையன அனுப்புன, இப்ப நீயே வந்துட்டியா? எவ்ளோ கேட்டாலும் நான் கை வெக்க மாட்டேன்" என்றான். உட்காரச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் இருக்கும் எல்லாவற்றையும் இதே வரிசையில் சொன்னேன். நான் முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். திரும்பாமலே கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லு. புளுகாம சொல்லு. எர்த் இருந்திருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

பிரவீன், அந்த நிமிஷத்தில் என் வாய்க்குள் என் வாழ்க்கையிலேயே சிறந்த புளுகு தயாராக இருந்தது. "எர்த் இருந்தாலும் போயிருப்பா அந்தோணி, எல்லாம் என் கட்டைதான்" என்று சொன்னால் போதும். அவன் அன்றைக்கே பல்பு மாட்டுவான். நான் முழுசையும் எடுத்துக்கொண்டு பெரிய மனுஷனாக வீட்டுக்கு வரலாம். சொல்லவில்லை. அவனை அதுவரை நான் ஏமாற்றியது போதும். "பொழச்சிருப்பா" என்றேன். "கரண்ட் எர்த்துல போயி ஃப்யூஸ் அடிச்சிருக்கும். ஆனா கட்டை நல்லா இருந்திருந்தா எர்த்தே தேவப்பட்டிருக்காது. எர்த் இல்லாட்டி ஒண்ணும் ஆவாதுன்னு ஸ்டூலப் புடிச்சிக்கிட்டு சொன்னவனும் நான்தான்."

அவன் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப பாதி உன்னுது" என்றான்.

"பாதிக்கு மேல."

"பேரம் பேசாத!" என்று கத்தினான். அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம் அவன் கத்தி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "பதினோரு வருஷம்டா. முழுசா நான் ஒருத்தனே தூக்கினேன். அவ தம்பி மொகத்தப் பாக்க முடியல. பூசையில மொத பெஞ்சுல ஒக்கார முடியல. நீ எதிர்ல ஒக்காந்து பிஸ்கட் நனச்சுத் தின்னியேடா!" அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் போனேன். கையைக் காட்டி அங்கேயே நில் என்றான். நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மிகைப்படுத்தாமல் சொன்னால், கீழ்வீட்டுக் குக்கர் மூன்று தடவை விசிலடித்தது.

வெளியே வரும்போது கதவருகில் வந்தான். "பையன் நெத்தில கை வெக்கிறேன். லில்லி இருந்தா வெச்சிருப்பா. அவன் ஒண்ணும் பண்ணல. ஆனா நான் உன் வீட்டுக்குள்ள இருக்கிறப்ப நீ உள்ள இருக்கக்கூடாது. உன் வீட்டுச் சோறும் எனக்கு வேணாம். சம்மதமா?" என்று கேட்டான்.

சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சாகும்வரை அவன் என் பக்கம் திரும்பாமல் இருக்கலாம். இருக்கட்டும். அதற்காக நீ அவனிடம் தூது போகாதே, எனக்காகப் பரிந்து பேசாதே. இதையெல்லாம் படித்த பிறகு உனக்கும் என்னிடம் பேச முடியாமல் போனால், அதையும் நான் புரிந்துகொள்வேன். மண்டபத்துக் கதவருகில் ஒரு மூலை எனக்குப் போதும்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு அந்தோணி வருவான். நீ கிழக்கே பார்த்து மண்டியிடு. முதலில் அவன் சிலுவை போடட்டும், அப்புறம் அம்மா. நான் அந்த நேரம் சந்து முனையில், பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்பேன். போட்டோக்காரன் சும்மா இருக்கமாட்டான், "மாப்பிள்ளையோட அப்பா எங்க, வரச் சொல்லுங்க" என்று சத்தம் போடுவான். கார் பார்க்கப் போயிருக்கிறார், பங்குச் சாமியாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று அம்மா ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பாள். அவளைச் சொல்லவிடாதே. அப்பா உள்ளே வரக்கூடாது, அதனால் வரவில்லை என்று நீயே சொல்.

உன் அப்பா